மரபணுவைத் திருத்துவது சிகிச்சையா, எல்லை மீறலா? பழங்குடி நோயாளிகள் முன் வைக்கப்படும் புதிய கேள்வி

புதுடெல்லி: மனித மரபணுத் தொகுப்பில் சுமார் 300 கோடி எழுத்துகள் உள்ளன. அவற்றுள் ஒரே ஓர் எழுத்து இடம் மாறிப் பெற்றோர் இருவரிடமிருந்தும் ஒரு குழந்தைக்கு வந்து சேர்ந்தால், அக்குழந்தையின் ரத்தச் சிவப்பணுக்கள் வட்டத் தட்டு வடிவத்தை இழந்து அரிவாள் போல வளைகின்றன. வளைந்த அணுக்கள் நுண்ணிய ரத்தக் குழாய்களில் சிக்கி அடைப்பை உண்டாக்குகின்றன. எலும்பைத் துளைப்பது போன்ற வலி, தொடர் சோகை, அடிக்கடி வரும் தொற்று, பக்கவாதம், சிறுவயது மரணம் எனப் பல துன்பங்களுக்கு அந்த ஒற்றை எழுத்துப் பிழையே தொடக்கமாகிறது. இதுவே அரிவாள் செல் ரத்தசோகை.

இந்தப் பிழையின் விளைவை மரபணு நிலையிலேயே சரிசெய்யும் உள்நாட்டுச் சிகிச்சை ஒன்று, 2025 நவம்பரில் மத்திய அரசால் அறிமுகப்படுத்தப்பட்டது. அறிவியல் மற்றும் தொழில் ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் டெல்லியில் இயங்கும் மரபணுத்தொகுதியியல் மற்றும் ஒருங்கிணைந்த உயிரியல் நிறுவனம் இதனை உருவாக்கியுள்ளது. பழங்குடியினத் தலைவர் பிர்சா முண்டாவின் 150-வது பிறந்த ஆண்டில் வெளிவந்ததால் 'பிர்சா 101' எனப் பெயரிடப்பட்டது. தொழில்நுட்பம் புனேயைச் சேர்ந்த சீரம் நிறுவனத்துடன் பகிர்ந்துகொள்ளப்பட்டுள்ளது.

பெயர் பொருத்தமானதே. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா, ஜார்க்கண்ட், மகாராஷ்டிரம், குஜராத் ஆகிய மாநிலங்களின் பழங்குடிப் பகுதிகளில்தான் இந்நோய் செறிந்து காணப்படுகிறது. இந்தியாவில் இக்குறைபாடு முதன்முதலில் பதிவானதும் பழங்குடியினரிடையேதான்: 1952-ல் நீலகிரி மலையில் வாழும் மக்களிடம் நடத்தப்பட்ட ரத்த ஆய்வில் அது கண்டறியப்பட்டது. ஏழு பத்தாண்டுகளுக்குப் பிறகு அதே மக்கள் பிரிவினரின் முன்னால், உலகின் மிகப் புதிய மருத்துவத் தொழில்நுட்பம் ஒரு கேள்வியாக வந்து நிற்கிறது. அதை யார் பெறுவார்கள், யார் முதலில் சோதித்துப் பார்க்கப்படுவார்கள், மறுக்கும் உரிமை உண்மையில் அவர்களுக்கு இருக்குமா என்பவையும் அக்கேள்விக்குள் அடங்கும்.

கத்தரிக்கோல் எப்படி வேலை செய்கிறது?

மரபணுத் திருத்தம் என்றதும் பரவலாகப் பேசப்படும் பெயர் 'கிரிஸ்பர்'. பாக்டீரியாக்கள் தம்மைத் தாக்கும் வைரஸ்களின் மரபுப் பொருளை அடையாளம் கண்டு வெட்டி எறிவதற்கு இயற்கையாகவே வைத்திருக்கும் தற்காப்பு முறை அது. அம்முறையை, விரும்பிய இடத்தில் டி.என்.ஏ.வை வெட்டும் கருவியாக மாற்றலாம் என்று ஜெனிபர் டவுட்னா, இமானுவேல் ஷார்ப்பாந்தியே ஆகிய விஞ்ஞானிகள் 2012-ல் காட்டினர். 2020-ம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு இருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

இக்கருவிக்கு இரு பகுதிகள் உண்டு. ஒன்று, வெட்ட வேண்டிய இடத்தைத் தேடிச் சென்று ஒட்டிக்கொள்ளும் வழிகாட்டி ஆர்.என்.ஏ. மற்றொன்று, அந்த இடத்தை வெட்டும் 'கேஸ்' எனும் புரதம். வெட்டுப்பட்ட இடத்தைச் செல் தானே ஒட்டவைத்துக்கொள்ள முயலும். அந்த ஒட்டுவேலையில் நேரும் சிறு பிசகைப் பயன்படுத்தி ஒரு மரபணுவைச் செயலிழக்கச் செய்யலாம். சரியான மாதிரியைக் கூடவே கொடுத்துப் பிழையைத் திருத்தவும் முயலலாம்.

வெட்டு எப்போதும் குறித்த இடத்திலேயே விழும் என்பதற்கு முழு உத்தரவாதம் இல்லை. ஏறக்குறைய ஒரே மாதிரியான எழுத்து வரிசை வேறோர் இடத்தில் இருந்தால் அங்கும் வெட்டு விழக்கூடும். அந்த இடம் புற்றுநோயைக் கட்டுப்படுத்தும் மரபணுவாக இருந்துவிட்டால் விளைவு விபரீதமாகலாம். டெல்லி ஆய்வாளர்கள், பரவலாகப் பயன்படும் கேஸ் புரதத்துக்குப் பதிலாக 'பிரான்சிசெல்லா நோவிசிடா' என்ற பாக்டீரியாவின் கேஸ் புரதத்தை மேம்படுத்திப் பயன்படுத்தியதற்கு, இடம் தவறி வெட்டும் போக்கு அதில் குறைவு என்பது முக்கியக் காரணம். வெளிநாட்டு நிறுவனங்களின் காப்புரிமைச் சிக்கலைத் தவிர்க்க முடியும் என்பது மற்றொரு காரணம்.

வெளிநாடுகளில் இத்துறை ஏற்கெனவே மருத்துவமனைக்குள் நுழைந்துவிட்டது. கிரிஸ்பர் அடிப்படையிலான முதல் சிகிச்சையான 'கேஸ்கெவி'க்கு 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் ஒப்புதல் அளித்தன. அச்சிகிச்சை நோய்க்குக் காரணமான எழுத்துப் பிழையைத் தொடுவதில்லை. கருவில் இருக்கும் காலத்தில் மட்டும் சுரந்து, பிறந்தபின் நின்றுபோகும் ஹீமோகுளோபினை மீண்டும் சுரக்கச் செய்வதே அதன் உத்தி. சுரப்பை அடக்கி வைத்திருக்கும் 'பூட்டை' ரத்தக் குருத்தணுக்களில் உடைத்துவிடுகிறார்கள். அமெரிக்க ஒப்புதலுக்கு ஆதாரமாக அமைந்த பரிசோதனையில், போதிய காலம் கண்காணிக்கப்பட்ட 31 பேரில் 29 பேருக்குக் குறைந்தது 12 மாதங்களுக்குக் கடுமையான வலி நெருக்கடி ஏற்படவில்லை. ஆண்டுக்குப் பலமுறை மருத்துவமனையில் சேர்ந்துகொண்டிருந்தவர்களுக்கு இது மறுவாழ்வு என்றே சொல்ல வேண்டும்.

2025-ல் அமெரிக்காவின் பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனை இன்னும் ஒரு படி மேலே சென்றது. ரத்தத்தில் அம்மோனியா தேங்கும் மிக அரிய குறைபாட்டுடன் பிறந்த ஒரு குழந்தைக்கு, அந்த ஒரு குழந்தையின் பிழையை மட்டுமே இலக்காகக் கொண்ட திருத்த மருந்து சில மாதங்களில் தயாரிக்கப்பட்டுச் செலுத்தப்பட்டது.

எங்கே கோடு வரையப்பட்டது?

மேலே சொன்ன சிகிச்சைகள் அனைத்துக்கும் ஒரு பொதுத் தன்மை உண்டு. மாற்றம் நிகழ்வது நோயாளியின் ரத்தத்திலோ கல்லீரலிலோதான்; அவருடைய கருமுட்டையையோ விந்தணுவையோ தொடுவது நோக்கமன்று. அவரோடு அந்த மாற்றம் முடிந்துவிடுகிறது. இதனை உடல் செல் திருத்தம் என்பர். கருமுட்டை, விந்தணு அல்லது கருத்தரித்த சில நாள்களே ஆன கருவில் செய்யப்படும் திருத்தம் வேறு வகை. அது பிறக்கும் குழந்தையின் ஒவ்வொரு செல்லிலும் இடம்பெறும். அக்குழந்தையின் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் செல்லும். தவறு நேர்ந்தால் திரும்பப் பெற வழியில்லை. திருத்தத்துக்கு உள்ளாகும் மனிதரிடம் சம்மதம் கேட்கவும் வழியில்லை, ஏனெனில் அவர் இன்னும் பிறக்கவில்லை.

உலக நாடுகள் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கோட்டை வரைந்தன. ஐரோப்பிய நாடுகளின் 1997-ம் ஆண்டு ஓவியெடோ உடன்படிக்கை, சந்ததியின் மரபணுத் தொகுப்பை மாற்றும் நோக்கிலான தலையீட்டைத் தடை செய்கிறது. 2023 மார்ச்சில் லண்டனில் கூடிய மூன்றாவது சர்வதேச மாநாடு, மரபுவழி தொடரும் திருத்தம் இன்றைய நிலையில் ஏற்கத்தக்கதன்று என அறிவித்தது. 2025-ல் உயிரணு மற்றும் மரபணுச் சிகிச்சைத் துறையின் முக்கிய அமைப்புகளே முன்வந்து, இதற்குப் பத்தாண்டுத் தடை வேண்டும் எனக் கேட்டுக்கொண்டன.

ஷென்சென் நகரில் நடந்தது

கோட்டை ஒருவர் ஏற்கெனவே தாண்டியிருக்கிறார். 2018 நவம்பரில் ஹாங்காங்கில் நடைபெற்ற இரண்டாவது சர்வதேச மாநாட்டையொட்டி, சீன விஞ்ஞானி ஹே ஜியான்குய், கருநிலையிலேயே மரபணு திருத்தப்பட்ட இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்துவிட்டதாக அறிவித்தார். தந்தைக்கு எச்.ஐ.வி. தொற்று இருந்ததால், அந்த வைரஸ் செல்லுக்குள் நுழையப் பயன்படுத்தும் 'சி.சி.ஆர்.5' மரபணுவைச் செயலிழக்கச் செய்ததாக அவர் கூறினார்.

உலகம் அதிர்ந்ததற்கு, துணிச்சல் மட்டுமே காரணமன்று. அந்தத் திருத்தம் தேவையற்றது என்பதும் காரணம். தந்தைக்கு எச்.ஐ.வி. இருந்தாலும், விந்தணுவைச் சுத்திகரித்துச் செயற்கைக் கருத்தரிப்புக்குப் பயன்படுத்தும் எளிய முறையால் குழந்தைக்குத் தொற்று வராமல் தடுக்க முடியும். செய்யப்பட்ட திருத்தமும் துல்லியமானதன்று. வட ஐரோப்பியர் சிலரிடம் இயற்கையாகக் காணப்படும் 32 எழுத்து நீக்கத்துக்குப் பதிலாக, அதுவரை எந்த மனிதரிடமும் ஆராயப்படாத வேறு மாற்றங்கள் உருவாயின. இரட்டையரில் ஒருவருக்கு மரபணுவின் இரு நகல்களில் ஒன்றே மாறியிருந்தது. அந்த மரபணு இல்லாதவர்களுக்கு 'வெஸ்ட் நைல்' வைரஸ் தொற்று கடுமையாகும் ஆபத்து அதிகம் என்பதும் அப்போதே தெரிந்த செய்தி.

பெற்றோரிடம் கையெழுத்து வாங்கப்பட்ட ஒப்புதல் படிவத்தில், அந்தத் திட்டம் 'எய்ட்ஸ் தடுப்பூசி மேம்பாட்டுத் திட்டம்' என்றே குறிப்பிடப்பட்டிருந்தது. படிவம் இருந்தது, கையெழுத்தும் இருந்தது. இருந்தும் அது ஒப்புதல் ஆகவில்லை. 2019 டிசம்பரில் ஷென்சென் நீதிமன்றம் அவருக்கு 3 ஆண்டு சிறையும் 30 லட்சம் யுவான் அபராதமும் விதித்தது. அதன் பிறகு சீனா தன் குற்றவியல் சட்டத்தையே திருத்தி, மரபணு திருத்தப்பட்ட கருவை மனித உடலில் பதியச் செய்வதைக் குற்றமாக்கியது. 2021 மார்ச்சில் அது நடைமுறைக்கு வந்தது.

இந்தியாவில் என்ன நிலை?

மரபணுச் சிகிச்சை மருந்துகளின் உருவாக்கம் மற்றும் பரிசோதனைக்கான தேசிய வழிகாட்டு நெறிமுறைகளை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2019-ல் வெளியிட்டது. உடல் செல் சிகிச்சைக்கு அது வழி திறக்கிறது. சந்ததிக்குச் செல்லும் திருத்தத்தைத் தடை செய்கிறது. 2017-ம் ஆண்டின் தேசியக் குருத்தணு ஆராய்ச்சி நெறிமுறைகளும் அதையே சொல்கின்றன. ஆய்வகத்தில் மனிதக் கருவை 14 நாள்களுக்கு மேல் வளர்க்கவும் அவை அனுமதிப்பதில்லை. பரிசோதனை ஒவ்வொன்றும் மருத்துவமனையின் நெறிமுறைக் குழு, மரபணுச் சிகிச்சைக்கான ஆலோசனை மற்றும் மதிப்பீட்டுக் குழு, மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு ஆகியவற்றின் ஒப்புதலைப் பெற்றாக வேண்டும்.

ஆனால் வழிகாட்டு நெறிமுறை என்பது நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் ஆகாது. செயற்கைக் கருத்தரிப்பு மையங்களைக் கட்டுப்படுத்தும் 2021-ம் ஆண்டுச் சட்டம், கருவைப் பதிக்கும் முன் செய்யப்படும் மரபணுச் சோதனையை ஏற்கெனவே அறியப்பட்ட பரம்பரை நோய்களைக் கண்டறிய மட்டும் அனுமதிக்கிறது. பாலினத் தேர்வைத் தடுக்கிறது. மரபணு திருத்தப்பட்ட கருவைக் கருப்பையில் வைப்பதைத் தனிக் குற்றமாக வரையறுத்து அதற்கெனத் தண்டனை குறிக்கும் பிரிவு இந்தியச் சட்டத்தில் இல்லை. சீனா ஓர் அவமானத்துக்குப் பிறகு அடைத்த ஓட்டை இங்கே இன்னும் திறந்தே இருக்கிறது.

நெறிமுறைகள் காகிதத்தில் இருந்தால் போதாது என்பதற்கு இந்தியாவிடம் கசப்பான முன்னனுபவம் உண்டு. கருவின் நலனைக் கண்காணிக்க வந்த ஸ்கேன் கருவி, பெண் கருவைக் கண்டறிந்து அழிக்கும் கருவியாகவும் மாறியது. 1994-ல் சட்டம் இயற்றப்பட்ட பின்னரும் அது உடனே நின்றுவிடவில்லை. 1961-ல் 1,000 ஆண் குழந்தைகளுக்கு 976 பெண் குழந்தைகள் என்றிருந்த விகிதம், 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 927 ஆகச் சரிந்தது. ஒரு தொழில்நுட்பம் எதற்காக வந்தது என்பதைவிட, சமூகத்தின் விருப்பங்கள் அதை எங்கே இழுத்துச் செல்லும் என்பதே பல நேரங்களில் அதன் விளைவைத் தீர்மானித்திருக்கிறது.

முதல் கையெழுத்து யாருடையது?

பிரதமர் நரேந்திர மோடி 2023 ஜூலை 1-ல் மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தொடங்கிவைத்த தேசிய அரிவாள் செல் ரத்தசோகை ஒழிப்புத் திட்டம், 17 மாநிலங்களில் 40 வயது வரையுள்ள 7 கோடி பேருக்குப் பரிசோதனை செய்ய இலக்கு வகுத்தது. 2047-க்குள் இந்நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து அகற்றுவது குறிக்கோள். 2025-ன் நடுப்பகுதிக்குள் ஏறத்தாழ 6 கோடி பேர் பரிசோதிக்கப்பட்டு, 2 லட்சத்துக்கும் அதிகமானோர் நோயாளிகள் எனவும், 16 லட்சத்துக்கும் அதிகமானோர் நோயின்றி அதன் மரபுக்கூறை மட்டும் சுமப்பவர்கள் எனவும் அடையாளம் காணப்பட்டனர்.

இவர்களிலிருந்துதான் எதிர்காலப் பரிசோதனைகளுக்கும் சிகிச்சைக்கும் ஆள்கள் வருவார்கள். அவர்கள் எதற்குச் சம்மதிக்க வேண்டியிருக்கும் என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்பது அவசியம்.

'ஒருமுறை சிகிச்சை' என்று சுருக்கமாகச் சொல்லப்படுவது உண்மையில் பல மாதப் பயணம். முதலில் நோயாளியின் ரத்தத்திலிருந்து குருத்தணுக்கள் பிரித்தெடுக்கப்படும். போதிய அளவு கிடைக்காவிட்டால் மீண்டும் எடுக்கப்படும். அவை ஆய்வகத்தில் திருத்தப்பட்டுப் பரிசோதிக்கப்படும் வரை காத்திருக்க வேண்டும். பின்னர், திருத்தப்பட்ட அணுக்களுக்கு எலும்பு மஜ்ஜையில் இடம் ஒழித்துத் தருவதற்காகக் கடுமையான வேதிமருந்து செலுத்தப்படும். முடி கொட்டும், வாய்ப்புண் வரும், நோய் எதிர்ப்பு ஆற்றல் வாரக்கணக்கில் இல்லாமல் போகும். எல்லாவற்றையும்விட, அந்த மருந்தால் குழந்தைப்பேறு வாய்ப்பையே நிரந்தரமாக இழக்கும் ஆபத்து உண்டு. சிகிச்சைக்கு முன்பே கருமுட்டையையோ விந்தணுவையோ உறைநிலையில் சேமிப்பது இதற்கு மாற்று. அதற்குச் செலவு தனி, அதற்கான மையங்களோ பெருநகரங்களில். பஸ்தரிலோ காலாஹாண்டியிலோ ஒரு குக்கிராமத்தில் வாழும் 20 வயதுப் பெண்ணுக்குக் குழந்தை பெற முடியாத நிலை என்பது குடும்பத்திலும் ஊரிலும் என்ன பொருள் தரும் என்பது, படிவத்தின் 'பக்கவிளைவுகள்' பட்டியலில் ஒரு வரியாக எழுதி முடிக்கக்கூடிய செய்தியன்று.

அதன் பிறகும் விடுதலை இல்லை. திருத்தப்பட்ட செல்கள் பல ஆண்டுகள் கழித்துப் புற்றாக மாறுகின்றனவா எனப் பார்க்க, இத்தகைய சிகிச்சை பெற்றவர்களை 15 ஆண்டுகள் வரை கண்காணிக்க வேண்டும் என அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு கேட்கிறது. பிழைப்புக்காக ஆண்டில் பாதி நாள் சூரத்துக்கோ ஹைதராபாத்துக்கோ புலம்பெயரும் தொழிலாளியை 15 ஆண்டுகள் தேடிப்பிடிப்பது யார்? பதினான்காம் ஆண்டில் பாதிப்பு தோன்றினால் செலவை ஏற்பது யார்? 2019-ம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள், பரிசோதனையால் ஏற்படும் பாதிப்புக்கு இழப்பீடும் இலவசச் சிகிச்சையும் தர வேண்டும் என்கின்றன. ஆனால் பாதிப்புக்கும் சிகிச்சைக்கும் உள்ள தொடர்பை நிரூபிக்கப் பதிவேடு வேண்டும். பதிவேட்டுக்குத் தொடர் கண்காணிப்பு வேண்டும்.

இந்த அச்சம் கற்பனையன்று. மரபணுச் சிகிச்சையின் தொடக்க காலத்தில், 1999-ல், அமெரிக்காவில் பரிசோதனைக்கு முன்வந்த 18 வயது இளைஞர் ஒருவர் மருந்தைச் சுமந்து சென்ற வைரஸுக்கு எதிரான உடலின் கடும் எதிர்வினையால் இறந்தார். பாரிஸில், நோய் எதிர்ப்பு ஆற்றலே இன்றிப் பிறந்த குழந்தைகள் மரபணுச் சிகிச்சையால் குணமடைந்தனர். சில ஆண்டுகளில் அவர்களில் சிலருக்கு அதே சிகிச்சையின் விளைவாக ரத்தப் புற்றுநோய் வந்தது. இன்றைய கருவிகள் அவற்றைவிடப் பல மடங்கு மேம்பட்டவை என்பது உண்மை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், கடும் ஹீமோபிலியா கொண்ட 5 பேருக்குப் பாதுகாப்பான வைரஸ் வாகனத்தின் மூலம் சரியான மரபணுவை அவர்களின் குருத்தணுக்களில் சேர்த்துச் செய்யப்பட்ட சிகிச்சைக்குப் பின், கண்காணிப்புக் காலத்தில் எவருக்கும் ரத்தக்கசிவு ஏற்படவில்லை என்ற முடிவு 2024 இறுதியில் வெளியானது. இந்திய மருத்துவமனையால் இதைச் செய்ய முடியும் என்பதற்கு அது சான்று.

செய்ய முடியும் என்பது ஒன்று. யாரிடம், எப்படிக் கேட்டுச் செய்கிறோம் என்பது இன்னொன்று. 2009-ல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் பள்ளிச் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி செலுத்தும் ஆய்வுத் திட்டம் நடைபெற்றது. சிறுமிகளில் பலர் பழங்குடியினர். விடுதியில் தங்கிப் படித்தவர்கள். பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களே ஒப்புதல் படிவங்களில் கையெழுத்திட்டதை, 2013-ல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகக் கண்டித்தது. அந்தத் தடுப்பூசி நல்ல தடுப்பூசி. பல நாடுகளில் புற்றுநோயைக் குறைத்திருக்கிறது. ஆனால் கேட்கப்பட வேண்டியவர்களைக் கேட்காமல் கொடுத்ததால், பல ஆண்டுகளுக்கு நாட்டில் அதன் மீதே நம்பிக்கையின்மை படிந்தது.

அதன் பிறகு விதிகள் இறுகின. எளிதில் பாதிக்கப்படக்கூடிய பிரிவினர் பங்கேற்கும் புதிய மருந்துப் பரிசோதனைகளில், ஒப்புதல் பெறும் நிகழ்வையே ஒலி, ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்ற நிபந்தனை வந்தது. இருந்தும் கோண்டி, சந்தாலி, ஹோ போன்ற மொழிகளைப் பேசும் மக்களிடம் 'மரபணு' என்ற சொல்லை எப்படி விளக்குவது என்ற கேள்வி கேமராவால் தீரக்கூடியதன்று. வலியால் துடிக்கும் பிள்ளையை மடியில் வைத்திருக்கும் தாயிடம், வெள்ளை அங்கி அணிந்தவர் 'புதிய சிகிச்சை' என்று சொன்னால், அவர் காதில் விழுவது 'சிகிச்சை' என்ற சொல் மட்டுமே. அது இன்னும் பரிசோதனைதான் என்ற பகுதி விழாமல் போகலாம்.

18 கோடி ரூபாய் மருந்து

கேஸ்கெவியின் அமெரிக்க விலை 22 லட்சம் டாலர். இந்திய மதிப்பில் சுமார் 18 கோடி ரூபாய். அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையின் கீழ் ஒரு நோயாளிக்கு அதிகபட்சமாக அரசு வழங்கும் உதவி 50 லட்சம் ரூபாய். இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலான தூரமே உள்நாட்டுச் சிகிச்சையின் தேவையைச் சொல்லிவிடுகிறது.

முன்மாதிரி இல்லாமல் இல்லை. மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மருத்துவமனையும் இணைந்து உருவாக்கிய 'நெக்ஸ்கார்19' என்ற ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சை, நோயாளியின் எதிர்ப்பு அணுக்களில் புதிய மரபணுவைச் சேர்த்துச் செய்யப்படுவது. 2023-ல் ஒப்புதல் பெற்ற அதன் விலை, வெளிநாட்டு விலையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. எனினும் பத்தில் ஒரு பங்கும் லட்சங்களில்தான் நிற்கிறது.

இங்கே மற்றொரு நெறிக் கேள்வி எழுகிறது; அது பெரும்பாலும் ஆய்வகத்துக்கு வெளியே கேட்கப்படுவது. ஹைட்ராக்சியூரியா என்ற மலிவான மாத்திரை வலி நெருக்கடிகளைக் கணிசமாகக் குறைக்கும். பிறந்தவுடன் பரிசோதனை, தொற்றுத் தடுப்பூசிகள், பாதுகாப்பான ரத்தம் ஆகியவை பல உயிர்களைக் காக்கும். இவையே தடையின்றிக் கிடைக்காத ஆரம்பச் சுகாதார நிலையத்தின் வாசலில் கிரிஸ்பர் பற்றிப் பேசுவது, குடிநீர்க் குழாய் இல்லாத ஊரில் நீச்சல் குளம் திறப்பது போல ஆகிவிடக் கூடாது என்பது பொதுச் சுகாதாரத் துறையினரின் கவலை. இரண்டும் வேண்டும் என்பதே நியாயமான பதில். ஆனால் நிதிநிலை அறிக்கையில் இரண்டுக்கும் ஒரே பெட்டியிலிருந்துதான் பணம் வர வேண்டும்.

கோடு மங்கும் இடங்கள்

உடல் செல் சரி, கரு தவறு என்ற பிரிப்பு எல்லா இடத்திலும் தெளிவாக இருப்பதில்லை. பிரிட்டன் 2015-ல் சட்டம் திருத்தி, தாயின் பழுதடைந்த மைட்டோகாண்ட்ரியாவுக்குப் பதிலாக வேறொரு பெண்ணின் கருமுட்டையில் உள்ள நல்ல மைட்டோகாண்ட்ரியாவைப் பயன்படுத்தும் முறையை அனுமதித்தது. இம்முறையில் 8 குழந்தைகள் பிறந்திருப்பதாக நியூகாசில் மருத்துவர்கள் 2025 ஜூலையில் தெரிவித்தனர். மைட்டோகாண்ட்ரியாவில் இருப்பவை 37 மரபணுக்களே. மனிதரின் மொத்தம் சுமார் 20,000. ஆயினும் பெண் குழந்தையாக இருந்தால் அந்த மாற்றம் அவருடைய பிள்ளைகளுக்கும் செல்லும். கட்டுப்பாட்டுடன், ஒவ்வொரு தம்பதிக்கும் தனித்தனி அனுமதி என்ற முறையில் கோட்டை ஒரு நாடு சற்றே நகர்த்தியிருக்கிறது.

அரிவாள் செல் நோயிலும் கடினமான நிலை ஒன்று உண்டு. பெற்றோர் இருவரும் மரபுக்கூறை மட்டும் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு 25 சதவீதம்; செயற்கைக் கருத்தரிப்பின்போது நோயற்ற கருவைத் தேர்ந்தெடுக்க முடியும் என்பதால் கருவைத் திருத்தத் தேவையே இல்லை. ஆனால் கணவன், மனைவி இருவருமே நோயாளிகளாக இருந்தால் அவர்களுக்கு உருவாகும் எல்லாக் கருவும் நோயுள்ளதாகவே இருக்கும். தேர்ந்தெடுப்பதற்கு எதுவும் மிஞ்சாது. கருநிலைத் திருத்தத்தை ஆதரிப்போர் முன்வைக்கும் வலுவான வாதம் இதுவே. எண்ணிக்கையில் இத்தகைய தம்பதிகள் மிகச் சிலர். அந்தச் சிலருக்காகத் திறக்கும் கதவு, அவர்களுக்கு மட்டுமே திறந்திருக்குமா என்பதே எதிர்ப்போரின் கேள்வி.

நோயைக் குணப்படுத்துவதும் உடலை 'மேம்படுத்துவதும்' வேறு என்று சொல்வது எளிது. உயரம், அறிவுத்திறன் போன்றவை இப்போதைக்கு எவர் கைக்கும் எட்டாதவை. உயரத்தோடு மட்டும் தொடர்புடைய 12,000-க்கும் மேற்பட்ட மரபணு வேறுபாடுகள் 2022-ல் வெளியான ஆய்வில் பட்டியலிடப்பட்டன. அவற்றை எல்லாம் திருத்துவது இன்றைய கருவிகளால் நடக்காத காரியம். தோல் நிறம் அப்படியன்று. 'எஸ்.எல்.சி.24.ஏ.5' என்ற ஒரு மரபணுவில் உள்ள ஓர் எழுத்து வேறுபாடு தெற்காசியர்களின் நிற வேறுபாட்டில் குறிப்பிடத்தக்க பங்கு வகிக்கிறது. மணமகள் தேவை விளம்பரங்களில் நிறத்துக்கு உள்ள இடத்தை அறிந்தவர்களுக்கு, இந்தச் செய்தியின் உட்பொருளை விளக்க வேண்டியதில்லை.

'குறை' என்று எதைச் சொல்வது என்பதும் அவ்வளவு நேரடியான விஷயமன்று. அரிவாள் செல் மரபுக்கூறின் ஒரு நகலை மட்டும் சுமப்பவர்களுக்குக் கடுமையான மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்பு கிடைக்கிறது. மலேரியா மிகுந்த காட்டுப் பகுதிகளில் இது தலைமுறைகளாக நிலைத்திருப்பதற்குக் காரணமே அதுதான். ஒரு நகல் கேடயம், இரு நகல் நோய். அந்த மரபணுவை மனித இனத்திலிருந்தே துடைத்தெறியலாம் என்ற பேச்சு, இந்த வரலாற்றை மறந்த பேச்சு.

அட்டை வேண்டும், முத்திரை வேண்டாம்

ஒழிப்புத் திட்டத்தில் பரிசோதிக்கப்பட்டவர்களுக்கு, அவர்களின் நிலையைக் காட்டும் மரபணு ஆலோசனை அட்டைகள் வழங்கப்படுகின்றன. இருவரும் மரபுக்கூறு கொண்டவர்களா என்பதைத் திருமணத்துக்கு முன்பே தெரிந்துகொள்வது நோக்கம். நோக்கம் நல்லதே. ஆனால் 1970-களில் அமெரிக்காவில் கறுப்பின மக்களிடையே கட்டாயப்படுத்தப்பட்ட இதே நோய்க்கான பரிசோதனை, நோயாளிக்கும் மரபுக்கூறு மட்டும் சுமப்பவருக்கும் வேறுபாடு தெரியாத முதலாளிகளிடமும் காப்பீட்டு நிறுவனங்களிடமும் பாகுபாட்டுக்குக் கருவியானது. அட்டையில் உள்ள நிறம், திருமணப் பேச்சில் பெண்ணின் மீது மட்டும் விழும் முத்திரையாகாமல் பார்த்துக்கொள்ள, கிராமம்தோறும் பேசிப் புரியவைக்கும் பயிற்சி பெற்ற மரபணு ஆலோசகர்கள் வேண்டும். நாட்டில் அவர்களின் எண்ணிக்கை தேவையோடு ஒப்பிடக்கூடியதாக இல்லை.

மரபணுத் திருத்தச் சிகிச்சை முழு வெற்றி பெற்றாலும் அந்த ஆலோசகரின் வேலை முடிந்துவிடாது. சிகிச்சை திருத்துவது ரத்தக் குருத்தணுக்களை மட்டுமே. வலி நின்று, வேலைக்குச் சென்று, திருமணமும் முடித்த ஒரு பெண்ணின் கருமுட்டைகளில் பழைய எழுத்துப் பிழை அப்படியே இருக்கும். அவர் பெறும் ஒவ்வொரு குழந்தைக்கும் அதன் ஒரு நகல் செல்லும். சந்ததியைத் தொடக் கூடாது என்று வரையப்பட்ட கோட்டின் நேரடி விளைவு அது. குணமாகி வீடு திரும்பும் நாளில் அவருக்கும், அவர் கணவராகப் போகிறவருக்கும் இதைப் புரியும் மொழியில் யார் சொல்வது என்பதற்கு, இப்போதுள்ள சிகிச்சைத் திட்டங்களில் தனியாக ஒரு பதவியோ நிதியோ ஒதுக்குவது பற்றிய பேச்சு பெரிதாக எழவில்லை.